வள்ளியாத்தாள் தொட்ட தண்ணீர்

மணல் லாரி எந்த வழியில் போயிற்று என்று பாலக்காட்டுச் சீமையில் மீனாட்சிபுரம் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தார் ரோட்டின் ஓரமாக ஈரக்கோடு ஒன்று மேற்கே போய்க்கொண்டிருக்கும். லாரியின் பின்பலகை இடுக்கிலிருந்து சொட்டிய ஆற்றுத் தண்ணீர் அது. சித்திரை வெயிலில் தெருநாய்கள் அதை நக்கிக்கொண்டே போகும். அந்தக் கோட்டைப் போட்டு அனுப்பியவர்களில் ஒருத்தி வள்ளியாத்தாள். எழுபத்தைந்தில் முதன்முதலாக லாரி ஆற்றுக்குள் இறங்கியபோது முதல் சட்டி மணலைத் தலையில் ஏற்றிக்கொண்டவளும் அவள்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். சரியாகச் சொல்ல ஆளில்லை. வளவில் பிறந்தவர்களின் பிறப்பை யாரும் எழுதி வைத்ததில்லை. மேட்டில் ஓட்டு வீடுகளும் தொழுவங்களும் மாரியம்மன் கோயிலுமாக இருந்தது ஊர். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் குடியிருந்தார்கள். அதற்குக் கீழே, ஆற்றங்கரைக் கருவேலங்காட்டை ஒட்டிப் பனையோலைச் சாளைகளாக இருந்தது வளவு. ஊருக்கு உழைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். தீண்டாமையைச் சட்டம் ஒழித்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வளவுக்காரர்கள் ஊருக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். நிலச்சட்டம் வந்து குடியிருந்த மண்ணுக்குப் பட்டயம்கூடக் கிடைத்திருந்தது. குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் யாரும் பட்டயம் கொடுக்கவில்லை.

வள்ளியாத்தாளின் புருஷன் சென்னிமலைக் கவுண்டரின் பண்ணையில் வருஷத்துக்குப் பேசி நின்ற ஆள். புருஷன் நின்றால் பெண்டாட்டியும் நின்ற கணக்குத்தான். சாணி அள்ளுவாள், களை எடுப்பாள், கடலை பறிப்பாள்; சாயங்காலம் முந்தானையில் கம்போ சோளமோ வாங்கிக்கொண்டு வருவாள். தாகம் எடுத்தால் தொழுவத்து ஓரமாகப் போய் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே குவித்துக் குனிவாள். கவுண்டரின் மனைவி ஜானகியம்மாள் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். ஜானகியம்மாள் கெட்டவளல்ல, கேட்டபோதெல்லாம் ஊற்றுவாள். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் பாதி மூக்கில் ஏறும், பாதி ரவிக்கையை நனைக்கும். புரை ஏறாமல் குடிக்கக் கற்றுக்கொள்வதுதான் வளவுக் குழந்தைகளின் முதல் படிப்பு.

மார்கழி தாண்டினால் ஆற்றில் மேலோட்டம் நின்றுவிடும். மலையில் அணைகள் வந்தபிறகு இன்னும் முன்னதாகவே நின்றது. இருந்தாலும் ஆறு செத்ததில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கிடந்த மணலுக்குள் தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். முழங்கை ஆழம் பறித்துவிட்டுச் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தால் போதும், ஊறும். முதலில் வரும் கலங்கலை இறைத்துக் கொட்டினால் அடுத்து வருவது கண்ணாடி மாதிரி இருக்கும். கொட்டாங்கச்சியில் மொண்டு குடம் நிரப்புவார்கள். ஊரில் கிணறுகளும் பம்புசெட்டும் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. ஆகவே பயிருக்குக் கிணறு, வாய்க்கு ஆறு என்று ஊர் பிரித்து வைத்திருந்தது. வளவுக்கு எல்லாவற்றுக்கும் ஆறுதான்.

ஆற்றின் நடுவில் துணி துவைக்கும் பாறை ஒன்று. அதற்குக் கிழக்கே, தண்ணீர் வருகிற பக்கம், ஊரின் ஊற்று. மேற்கே, தண்ணீர் போகிற பக்கம், வளவின் ஊற்று. வளவுக்காரர்கள் பாறையைத் தாண்டி மேலே காலை வைக்கக் கூடாது. அவர்கள் தொட்ட தண்ணீர் கீழே போகலாம். மேலே வந்துவிடக் கூடாது. ஊர் தலைமுறை தலைமுறையாக யோசித்துக் கண்டுபிடித்த நீர்ச்சாஸ்திரம் இவ்வளவுதான்.

அந்த வருஷம் கடற்கரைப் பக்கத்திலிருந்து பெர்ஷியா என்று சொன்ன வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் பணம் வரத் தொடங்கியிருந்தது. சாவக்காட்டிலும் திருச்சூரிலும் ஓலைக்கூரைகளைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினார்கள். பாலக்காட்டில் சர்க்கார் கட்டடங்கள் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். பஞ்சாயத்து ஆற்றுமணலை லேலம், அதாவது ஏலம், போட்டது. சென்னிமலைக் கவுண்டர் பஞ்சாயத்து மெம்பர். எந்த இடத்தில் வெட்டுவது என்ற பேச்சு வந்தபோது, பாறைக்குக் கீழே வெட்டிக்கொள்ளட்டும் என்று கைகாட்டியவர் அவர்தான்.

"ஏனுங்க, ஆத்துல குழி போட்டா நம்ம ஊத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கோயில் வாசலில் யாரோ கேட்டார்கள்.

"நம்ம ஊத்து மேல இருக்குது, அவங்க வெட்டறது கீழ. கீழ நடக்கறது மேல வந்துருமா? போய்ச் சோலியப் பாருங்க" என்றார் கவுண்டர்.

கேட்டவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. தீட்டைப் பற்றி நூறு வருஷம் யோசித்தவர்கள் மணலைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

லாரிக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி ஏசுரத்தினம் நாசரேத்துப் பக்கத்துக்காரன். மூணாறு எஸ்டேட்டில் பல வருஷம் இருந்துவிட்டுக் கீழே இறங்கியவன். வளவின் நடுவில் நின்று அவன் கூவினான்:

"வேலைக்கி ஆளு வேணும். யாரெல்லாம் வாரியளோ செக்ரோல்ல பேரு போட்டுருதேன். காலைல பெரட்டுக்கு வந்துரணும். சனிக்கிழமை கையில துட்டு."

வளவு அவனை வேடிக்கை பார்த்தது. செக்ரோல் என்றால் எஸ்டேட்டின் ஆள்கணக்கு, பெரட்டு என்றால் காலை ஆஜர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசி வார்த்தை மட்டும் புரிந்தது.

"கையிலயேங்களா?" என்று கேட்டாள் வள்ளியாத்தாள்.

"பின்ன கால்லயா குடுப்பாவ?"

"இல்லீங்க, எங்கூர்ல முந்தானையிலதான் போடுவாங்க. அதுவும் தூரத்துல நின்னுட்டு."

ஏசுரத்தினம் சிரித்துவிட்டான். மறுநாள் காலையில் வள்ளியாத்தாள் சும்மாட்டுத் துணியோடு ஆற்றில் போய் நின்றாள். அவள் பின்னால் கொழுந்தனின் மனைவி ஆராயியும், இன்னும் வளவுப் பெண்கள் பலரும் நின்றார்கள். பண்ணையில் சாணி அள்ள ஆளில்லை என்று கவுண்டர் ஆள் அனுப்பினார். புருஷன் சாயங்காலம் வந்து, "பண்ணாடி கோவிச்சுக்கறாரு" என்றான். வளவுக்காரர்கள் நிலக்காரரைப் பண்ணாடி என்றுதான் சொல்ல வேண்டும்.

"அவரு கோவம் அவரு ஊட்டுல இருக்கட்டும். நாந்தான் வருசத்துக்கு நிக்கலியே, நீதான நிக்கறே" என்றாள் அவள்.

ஈர மணல் சாமான்யமான கனம் இல்லை. கீழே இருவர் மம்பட்டியால் அள்ளிப் போட, பெண்கள் சட்டியைத் தலையில் வாங்கி, சாய்த்து வைத்த பலகைமேல் ஏறி லாரியில் கொட்ட வேண்டும். சட்டியிலிருந்து தண்ணீர் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போகும். கழுத்தில் இறங்கி முதுகை நனைக்கும். தலைக்குக் குளிர்ச்சி என்று சிரித்துக்கொண்டே சுமந்தார்கள். தலையில் வழிவது தங்கள் அடுத்த மாதக் குடிதண்ணீர் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. ஆற்றில் மணல் தீருமா? வெள்ளம் வந்தால் பழையபடி கொண்டுவந்து கொட்டிவிடும் என்றுதான் வள்ளியாத்தாளும் சொன்னாள். இத்தனை நாள் அவள் பார்த்ததும் அதுதான். ஒரு வெள்ளம் கொண்டுவருவதை ஒரு மாதத்தில் ஏற்றிக்கொண்டு போகிற லாரியை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் வளவின் ஊற்று குழிக்குள் போயிற்று. பெண்கள் இன்னும் கீழே தள்ளி வேறு ஊற்றுப் பறித்தார்கள். அதைப்பற்றி ஊரில் ஒருவரும் பேசவில்லை.

மழைக்காலத்தில் வெள்ளம் வந்தது. மணலும் வந்தது. ஆனால் குழி பாதிகூட நிரம்பவில்லை. தை மாதத்தில் லாரிகள் திரும்பி வந்தன; இப்போது ஒன்றுக்கு மூன்றாக. குழி பாறையை நெருங்கி அகலமாயிற்று, ஆழமாயிற்று. வளவு தள்ளிப் பறித்த ஊற்றும் வறண்டுபோனது. அதற்கும் கீழே வெறும் பாறைத்தட்டுத்தான். ஆனால் குழியின் கிழக்குச் சுவரோரம், லாரி போகாத ஒரு மூலையில், தண்ணீர் தானாக ஊறி நின்றது. வளவுப் பெண்கள் அதைச் சுற்றி மணலை அணைத்துக் கரை கட்டி, அதையே தங்கள் ஊற்றாக்கிக்கொண்டார்கள். பறிக்காமலே வந்த ஊற்று. வேலைக்கு நடுவிலேயே மொண்டு குடிக்கலாம். பெண்களுக்குச் சந்தோஷம்.

பங்குனி பிறந்ததும் ஊரின் ஊற்று வறண்டது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மணல் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கீழ்ப்பக்கம் ஆழமாக வெட்டினால் மேற்பக்கத்து மணலிலிருந்த தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தேடி வடிந்துவிடும். வளவின் மூலையில் ஊறியது ஊரின் தண்ணீர்தான். கோணிச் சாக்கின் அடியில் ஓட்டை விழுந்தால் மேலே இருக்கிற நெல்லும் இறங்கும் என்பது தெரிந்த குடியானவர்கள்தான் எல்லோரும். ஆனால் ஆற்று விஷயத்தில் அவர்கள் கண்ணுக்கு மேலே கீழே என்பதெல்லாம் வேறு கணக்கு.

ஆகவே கோயில் வாசலில் கூட்டம் கூடியது. பூசாரி, ஊற்றில் யாரோ தீட்டுக் கலந்துவிட்டார்கள், ஆற்றைக் காக்கும் கன்னிமார் கோபித்துக்கொண்டார்கள் என்றான். யார் கலந்திருப்பார்கள்? ஆற்றில் பகலெல்லாம் நிற்பது வளவுப் பெண்கள்தானே. மணல் சுமக்கிற திமிரில் பாறையைத் தாண்டியிருப்பார்கள். வளவு ஒரு கிடாய் கொடுத்துக் கன்னிமாரைக் குளிர்விக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

"நாங்க ஆரும் பாறையத் தாண்டலீங்க" என்று வளவு ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கிடாயையும் கொடுத்தார்கள். வறண்ட ஊற்றின் கரையில் வெட்டினார்கள்; கறியை ஊர் எடுத்துக்கொண்டது. பூசாரி மஞ்சள் நீர் தெளித்தான். ஊற்றில் அன்றைக்கு ஊறியது அந்த மஞ்சள் நீர் மட்டும்தான்.

கிடாய் பலிக்காதபிறகு லாரியின்மேல் சந்தேகம் வந்து, அதை நிறுத்தலாம் என்று பார்த்தார்கள். முடியவில்லை. லேலம் கவுண்டர் முன்னின்று போட்டது. தவணை வருஷக் கடைசிவரைக்கும் இருந்தது. லேலம் எடுத்த காண்ட்ராக்டர் சர்க்கார் கட்டடத்துக்கும் மணல் அனுப்பிக்கொண்டிருந்தான். அவசரநிலைக் காலம். சர்க்கார் வேலையைத் தடுத்தான் என்று சொல்லிவிட்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே என்று கேட்கவும் முடியாது. கவுண்டருக்கு அது தெரியும். ஆகவே வலியவனை விட்டுவிட்டு அவர் எளியவர்கள் பக்கம் திரும்பினார்.

ஒரு மத்தியானம் லாரிகள் போய்விட்டு இன்னும் திரும்பி வராத நேரம். குழியின் கரையில் நாலைந்து பேரோடு வந்து நின்றார். கீழே பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றார்கள்.

"நாளைக்குக் காலம்பர இந்த ஊத்தைச் சுத்தம் பண்றோம். இனி இது ஊருக்கு. நீங்க கீழ போய்ப் பறிச்சுக்கங்க" என்றார்.

"கீழ வெறும் பாறைத்தட்டுங்க பண்ணாடி" என்றாள் வள்ளியாத்தாள்.

"பாறைக்கு அக்கட்டால பாரு."

"அக்கட்டால அடுத்த ஊருங்க. அவத்தைக்கும் ஒரு வளவு இருக்குதுங்க, அவங்களுக்கும் ஒரு ஊத்து இருக்குமுங்களே."

"அதெல்லாம் எனக்கு எதுக்குச் சொல்றே? மேல இருக்கற தண்ணி ஊருக்கு, கீழ இருக்கறது உங்களுக்கு. எங்கப்பன் காலத்துல இருந்து அதான?"

"இது கீழ இருக்கறதுதானுங்களே."

கவுண்டர் திரும்பி மேடேறினார். அவருடைய சாஸ்திரப்படி, ஊர் எங்கே மொள்ளுகிறதோ அது மேல். அவர் போனபிறகு ஆராயி அழுதாள். அவள் வீட்டில் மூன்று சின்னக் குழந்தைகள். அடுத்த ஊருக்கு நடந்து குடம் சுமந்தால் வேலைக்கு வர முடியாது. வேலைக்கு வந்தால் தண்ணீர் இல்லை.

"எந்திரி புள்ளே, கஞ்சியக் குடி. ஆறிப்போன கஞ்சிக்கு எதுக்கு உப்பு ஊத்தறே?" என்றாள் வள்ளியாத்தாள்.

மறுநாள் காலையில் பூசாரி வந்தான். ஊரிலிருந்து ஆண்கள் வந்து ஊற்றை இறைத்துக் கொட்டினார்கள். புதிதாக ஊறியதும் பூசாரி மஞ்சள் நீர் தெளித்து, சூடம் காட்டி, இனி ஊர் மொள்ளலாம் என்றான். ஊர்ப் பெண்கள் குடங்களோடு சரிவில் இறங்கத் தொடங்கினார்கள். வளவுப் பெண்கள் லாரியருகே ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வள்ளியாத்தாள் சட்டியைக் கீழே வைத்தாள். நேராக நடந்துபோய், சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, ஊற்றின் நடுவில் இறங்கி உட்கார்ந்தாள். கால் கழுவ உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டு கை தண்ணீர் அள்ளி முகம் கழுவிக்கொண்டாள்.

இறங்கிக்கொண்டிருந்த ஊர்ப் பெண்கள் சரிவிலேயே நின்றுவிட்டார்கள்.

"அடியே, என்ன காரியம் பண்ணிப்போட்டே!" என்று பூசாரி கத்தினான்.

"ஒண்ணும் பண்ணலீங்க சாமி. தொட்டுப்போட்டனுங்க."

அவள் எழுந்து கரையேறியதும் மறுபடியும் இறைத்தார்கள். மறுபடியும் மஞ்சள், சூடம். கரையில் நின்றிருந்த வள்ளியாத்தாள் குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் வைத்தாள். மூன்றாம் தடவை பூசாரியிடம் சூடம் தீர்ந்துபோயிற்று; அவள் மறுபடி ஊற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். லாரி டிரைவர் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். ஊர்ப் பெண்கள் சிலரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்கள்.

கவுண்டருக்குச் செய்தி போய், அவர் வந்தார். அவளை இழுத்து வெளியே போடுங்கள் என்றார். யார் இழுப்பது? இழுக்க வேண்டுமானால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அவளைத் தொட வேண்டும். இம்மாதிரி வேலைக்கெல்லாம் ஊர் எப்போதும் அனுப்புவது வளவு ஆட்களைத்தான். அவளுடைய புருஷனைக் கூட்டிவரச் சொன்னார். அவன் வந்து, குழியின் கரையில் தலைகுனிந்து நின்றான்.

"உன்ற பொண்டாட்டிய வெளிய வரச் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு நீ தோட்டத்துப் பக்கம் வராதே."

அவன் வள்ளியாத்தாளைப் பார்த்தான். அவள், "சரீன்னு சொல்லு. இங்கயே மம்பட்டி புடிக்க ஆள் பத்தலை" என்றாள்.

கவுண்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டு அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார். ஏசுரத்தினம் காதைச் சொறிந்துகொண்டான்.

"நான் என்னத்தைச் செய்ய? இந்தப் பொம்பளைய நிறுத்துனா மத்த பொம்பளையளும் வரமாட்டோம்னு சொல்லுதாவ. மூணு லாரிக்கும் நீங்க ஆளு தாரியளா? உங்க வீட்டுப் பொம்பளையள அனுப்பிவைக்கியளா?"

அன்றைக்கு ஊர் வெறும் குடத்தோடு மேடேறியது. அதன்பிறகு வளவுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். சுமக்கிறவர்கள் சுமக்க, ஒருத்தி எப்போதும் ஊற்றில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குடிக்கிற தண்ணீரில் காலை வைப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆராயி அருவருத்தாள். ஊருக்கும் வளவுக்கும் நடுவில் வேலியாக வைக்க வளவிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. இத்தனை தலைமுறையாக எந்தத் தொடுகை அவர்களைத் தண்ணீரிலிருந்து விரட்டிற்றோ, அதையே எடுத்து அவர்கள் தண்ணீரைக் காத்தார்கள். காலை எடுத்துவிட்டு இறைத்து, புதிதாக ஊறியதை மொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

ஊர் உப்புத் தண்ணீரில் சமைத்தது. பணமும் வண்டியும் இருந்தவர்கள் தத்தமங்கலத்துக்கு வண்டி கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது குடிக்கவே போதவில்லை. ஒரு வாரம் போயிருக்கும். உச்சிவெயில் நேரம், ஆண்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, ஜானகியம்மாள் இடுப்பில் பித்தளைக் குடத்தோடு தனியே குழியின் கரைக்கு வந்தாள். அன்றைக்கு ஊற்றில் முறை வள்ளியாத்தாளுடையது.

"ஆராச்சும் இருக்கறாங்களா வள்ளி?"

"நானிருக்கறேனுங்களே. நானொரு ஆளில்லீங்களா?"

"ஊருக்காரங்க ஆராச்சும் பாக்கறாங்களான்னு கேட்டேன்."

"ஊருக்காரங்க தூங்கறாங்களாட்ட இருக்குது. என்னங்க பண்ணாடிச்சி, குடமும் கையுமா?"

ஜானகியம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். "மருமவ பெத்துக் கெடக்கறா. அந்த உப்புத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வவுறு ஊதிப்போச்சு. பால் சொரக்க மாட்டேங்குது. கொழந்தை கத்துது."

வள்ளியாத்தாள் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கரையில் வைத்தாள். ஊற்றை இறைத்துக் கொட்டினாள். தண்ணீர் மறுபடி ஊறும்வரை ஜானகியம்மாள் கரையிலேயே நின்றாள். தெளிந்ததும் வள்ளியாத்தாள், "கொடத்தை அங்கயே வெச்சுட்டு அக்கட்டால போய் நில்லுங்க. மோந்து வெச்சுட்டுக் கூப்படறேன்" என்றாள்.

அது ஊரின் வார்த்தை. வளவுக்காரர்கள் பாத்திரத்தை வைத்துவிட்டு விலகி நிற்க, ஊர் ஊற்றிவிட்டுக் கூப்பிடும். ஜானகியம்மாளுக்கு அது புரிந்தது. முகம் சிவந்தது. ஆனால் குடத்தை வைத்துவிட்டு நகரவில்லை. சரிவில் காலை ஊன்றி இறங்கி, குடத்தைக் கையோடு கையாக நீட்டினாள். வள்ளியாத்தாள் வாங்கி நிரப்பிக் கொடுத்தாள்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்து. நாக்கு ஒட்டிக்குது" என்றாள் ஜானகியம்மாள். குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே குவித்தாள். ஊருக்கும் வளவுக்கும் நடுவில் வேறு விதமாகத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை அவள் பார்த்ததே இல்லை.

வள்ளியாத்தாள் கொட்டாங்கச்சியில் மொண்டு கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒசரத்துல இருந்து ஊத்தட்டுங்களா, பக்கத்துல ஊத்தட்டுங்களா?"

"எப்படியோ ஊத்துடி. வெயிலு மண்டையப் பொளக்குது."

பக்கத்திலேயே ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட ரவிக்கையில் விழவில்லை.

அதற்கு நாலாம் நாள் ஊர்ப் பெண்கள் கூட்டமாகவே வந்தார்கள். தாகம் எடுத்த ஊருக்கு வழி சொல்லப் பூசாரிக்கும் ஒரு வாய் இருந்தது. ஆற்றுத் தண்ணீருக்குத் தீட்டே கிடையாது, சாஸ்திரத்தில் இருக்கிறது என்றான் அவன். அந்தச் சாஸ்திரம் கிடாய் வெட்டியபோது எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கவுண்டர் ஆற்றுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். அவர் வீட்டுப் பருப்பு அந்தத் தண்ணீரில்தான் வெந்தது. வளவும் ஊரும் ஒரே குழியில் மொண்டுகொண்டு கோடையைத் தள்ளினார்கள். பேச்சுக்கூட வந்தது, யார் முதலில் மொள்ளுவது என்று சண்டையும் வந்தது. அது குடத்துக்காக வந்த சண்டை, பிறப்புக்காக அல்ல.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அத்தனை நாளும் பக்கத்தில் லாரிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஒரு கையால் தண்ணீரைக் காத்த பெண்கள் இன்னொரு கையால் மணலைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டரின் மிரட்டலைத் தாங்கும் தெம்பு அவர்களுக்கு அந்த வேலையிலிருந்துதான் வந்தது. அதை விட்டால் மறுபடி முந்தானையில் சோளம் வாங்க வேண்டும். ஊரிலிருந்து ஒருவரும் அவர்களுக்கு வேறு வழி சொல்லவில்லை. பஞ்சாயத்து மறுபடியும் லேலம் போட்டது.

எழுபத்தேழில் குழி பாறைவரை வந்து, பாறையின் அடியையும் சுரண்டி, ஊரின் பழைய ஊற்றையும் விழுங்கியது. அடியில் களி தட்டியது. களியில் மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை. துவைக்கும் பாறை ஒருநாள் சரிந்து குழிக்குள் விழுந்தது. அதைத் தாண்டக் கூடாது என்று சொல்ல இனி யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. ஆற்றங்கரைக் கிணறுகளில் பம்புசெட்டு காற்றை இழுத்தது. கவுண்டர் வீட்டுத் தென்னைகள் கொண்டை சாய்ந்தன. எடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் லாரிகள் அடுத்த ஊருக்கு இறங்கின.

வள்ளியாத்தாளும் அவற்றோடு போனாள். விடிந்ததும் காலி லாரியில் ஏறிக்கொள்வாள். மடியில் ஒரு காலிக் குடம். அந்த ஊர் ஆற்றில் பகலெல்லாம் சுமந்துவிட்டு, சாயங்காலம் அந்த ஊர் வளவின் ஊற்றில் குடத்தை நிரப்பி, மேடு ஏறி நடந்து திரும்புவாள். இப்போது மீனாட்சிபுரத்துப் பக்கம் ரோட்டில் ஈரக்கோடு இல்லை. அது இன்னும் மேற்கே ஆரம்பித்தது.

முதல் நாள் அவள் ஊற்றருகே குடத்தோடு போனபோது அந்த வளவுப் பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "ஏனக்கா, அத்தனை தூரத்துல இருந்து வந்து மோக்கறீங்களே, உங்கூர்ல தண்ணி இல்லீங்களா?"

"இருந்துச்சு கண்ணு" என்றாள் வள்ளியாத்தாள். "நாந்தான் தலையில சுமந்து லாரியில ஏத்திப்போட்டேன்."

கேட்டவள், வந்தவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். அவள் இடுப்பிலும் புதிதாகச் சுற்றிய சும்மாட்டுத் துணி ஒன்று செருகியிருந்தது.